கேட்டு எழுதியவர்

ஹதீஸ் கிதாபுகளை ஓதியவர்களுக்கு 'அறிவிப்பாளர்' என்னும் சொல் மிகவும் நெருக்கமானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமொழி ஒன்று நம்மை வந்தடையும்போது, அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் எத்தகையவர் என்ற விவரத்துடனேயே வருகிறது. அந்தப் பெயர் வரிசையை 'ஸனது' என்கிறோம். வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், ஸனதில் ஒரு பெயரை விட்டுவிட்டு நாம் வாசித்தோம். உஸ்தாத் அவர்கள் கிதாபை மூடி வைத்துவிட்டு, "சொன்னவரை வழியில் இறக்கிவிட்டு, சொல்லை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாயா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றும் நம் காதில் இருக்கிறது.

இதே சொல்லைத் தமிழில் வேறோர் இடத்திலும் வழங்குகிறோம். வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுபவரும் அறிவிப்பாளரே. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் பெயர்களைத் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கூட ஒரு தலைமுறையே மனப்பாடமாக அறிந்திருந்தது. நாடகங்களில் நடித்தவர்களின் பெயர்களும் ஓரளவுக்குத் தெரிந்திருந்தன. ஆனால், அவர்கள் பேசிய சொற்களைத் தாளில் எழுதிக் கொடுத்தவர் யார்? நிகழ்ச்சியின் முடிவில் இரண்டு விநாடி அவருடைய பெயர் ஒலிக்கும். அந்த இரண்டு விநாடிக்குள் நம் வீடுகளில் யாராவது எழுந்து குமிழைத் திருகிவிடுவார்கள். ஸனதின் முதற்பெயரையே தவற விட்டுச் செய்தியை மட்டும் சுவைத்தவர்கள் நாம்.

அவ்வாறு எழுதிக் கொடுத்த ஒருவரைப் பற்றியே இங்கே எழுதப் புகுகின்றோம். அவரை நாம் நேரில் கண்டதில்லை. அவர் நம் ஊரினரும் அல்லர், நம் மார்க்கத்தவரும் அல்லர். ஆயினும், நாம் செய்த ஒரு தவற்றை நமக்கு உணர்த்தியவர் அவர்.

கள்ளக்குறிச்சியில் நம் அத்தா மலைச்சரக்குக் கடை வைத்திருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வரும் கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் அங்கே மூட்டைகளில் அடுக்கியிருக்கும். தராசுக்குப் பின்னால் ஓர் ஆணியில், தோலுறை போட்ட டிரான்சிஸ்டர் வானொலிப்பெட்டி தொங்கும். பகலில் திருச்சியும் புதுச்சேரியும் கேட்கும். பொழுது சாய்ந்தால் அத்தா முள்ளை மெதுவாக நகர்த்தி இலங்கையைப் பிடிப்பார்கள். கடல் கடந்து வரும் அந்த அலை, அருகில் வந்து நிற்பதும் விலகிப் போவதுமாக இருக்கும். மலையிலிருந்து வந்தவர்கள் சுமையை இறக்கிவிட்டு, கடைத் திண்ணையில் அமர்ந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போவார்கள்.

1979-ஆம் ஆண்டில் நம் தாய்மாமா கொழும்பிலிருந்து ஊர் திரும்பினார்கள். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பல்லாண்டு சிப்பந்தியாக இருந்தவர்கள். கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால், அவர்களுடைய நாவில் ஒரு நாடகமே குடியிருந்தது. மஃரிபு தொழுகைக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நான்கு ஆட்களாக மாறி மாறிப் பேசுவார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. ஒருவர் சிங்கள வாய்க்குள் தமிழைப் புரட்டிப் பேசும் உபாலி. ஒருவர் ஐயர். மற்றொருவர், கொழும்புக் கடைவீதியின் முஸ்லிம் தமிழில் பேசும் மரிக்கார். மாமா மரிக்காராகப் பேசும்போது, அத்தா சிரிக்கிற சிரிப்பில் தலைத் தொப்பி நழுவி மடியில் விழும்.

அந்த நாடகத்தின் பெயர் 'கோமாளிகளின் கும்மாளம்'. இலங்கை வானொலியில் தொடராக ஒலிபரப்பாகி, அந்நாட்டுத் தமிழ் மக்களை வானொலிப்பெட்டியின் முன் கட்டிப்போட்ட நகைச்சுவை நாடகம் அது. மக்களிடம் அது பெற்ற வரவேற்பால், எஸ். இராமநாதன் இயக்கத்தில் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் 1976-இல் வெளிவந்தது.

"மாமா, அந்த மரிக்காராக நடித்தவர் நம்மவர்தானே?" என்று நாம் கேட்டோம்.

"இல்லை மருமகனே. அவர் பேர் ராமதாஸ். நாடகத்தை எழுதினதும் அவரேதான்."

"அப்படியானால், நம்மவர் ஒருவருமே இல்லையா?"

மாமா உரக்கச் சிரித்தார்கள். "இருக்கிறாரே! ஐயராக வந்து பேசினவர்தான் நம்மவர். அப்துல் ஹமீத்!"

அந்தச் சிறுவயதில் அது நமக்கு வேடிக்கையாக மட்டுமே இருந்தது. அதன் பொருள் விளங்குவதற்கு நமக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

எஸ். ராமதாஸ் எழுதிய அந்த நாடகத்தில் அப்புக்குட்டியாகப் பேசியவர் டி. ராஜகோபால். உபாலியாகப் பேசியவர் எஸ். செல்வசேகரன் என்னும் தமிழர். ஐயராகப் பேசியவர் அறிவிப்பாளர் அப்துல் ஹமீத். மரிக்காராகப் பேசியவர் எழுதிய ராமதாஸ். ஒருவருடைய நாவில் மற்றவருடைய பேச்சு அமர்ந்திருந்தது. அடுத்தவரின் பேச்சை வாங்கிப் பேசி, எவரையும் புண்படுத்தாமல் நாட்டையே சிரிக்க வைத்தார்கள். அந்த மண்ணின் பின்வரலாற்றை எண்ணும்போதுதான் இதன் அருமை புலப்படும். 1983 ஜூலைக் கலவரத்தில், வழியில் மறித்து ஒரு சொல்லை உச்சரிக்கச் சொல்லி, அந்த உச்சரிப்பைக் கொண்டே ஆளை இனங்கண்டு தாக்கிய கொடுமையை அந்நாடு கண்டது. பேச்சு, உயிருக்கே உலையாக மாறிய அந்த நாட்டில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நான்கு வகைப் பேச்சும் ஒரே நாடகத்தில் ஒன்றாகக் கூடிச் சிரித்திருந்தன.

மரிக்கார் என்பது நம் கரையோர மக்களுக்குப் புதிய பெயரன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் மரைக்காயர் என்று வழங்குவதே இலங்கையில் மரிக்கார் என்று வழங்குகிறது. ஒரு கூட்டத்தாரின் குடிப்பெயரைத் தன் பாத்திரத்துக்குச் சூட்டினார் ராமதாஸ். மக்கள் அதே பெயரை அவருக்குத் திருப்பிச் சூட்டிவிட்டார்கள். 'மரிக்கார் ராமதாஸ்' என்றே அவர் வாழ்நாள் முழுவதும் அழைக்கப்பட்டார். எழுதியவரின் பெயர் மறந்துபோவது இத்துறையின் இயல்பு. இவருக்கோ, எழுதிய பாத்திரமே பெயரில் பாதியாகிவிட்டது.

இங்கே நம் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், நாடக மேடையிலும் திரைப்படத்திலும் முஸ்லிம் பாத்திரம் என்று ஒன்று வந்தால், அது பெரும்பாலும் 'நம்பள்கி, நிம்பள்கி' என்றுதான் பேசும். கள்ளக்குறிச்சியில் நம் வீட்டிலோ, தெருவிலோ, கடையிலோ எவரும் அவ்வாறு பேசி நாம் கேட்டதில்லை. உருது பேசும் நம் அண்டை வீட்டார் கூடத் தமிழ் பேசினால் தெளிவாகப் பேசுவார்கள். ஆயினும், உடன் படித்த பிள்ளைகள் நம்மைக் கண்டால் அந்த நாடகப் பேச்சைப் பேசியே கேலி செய்வார்கள். ஒருநாள் அழுதுகொண்டே கடைக்கு வந்து, "அது நம் பேச்சு இல்லையே அத்தா, பின்னே ஏன் நம்மை அப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டோம். அத்தா எடைக்கல்லை எடுத்து வைத்தார்கள், மறுமொழி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மாமாதான் சொன்னார்கள்: "எழுதினவன் நம்ம தெருவுக்கு வரவே இல்லை மருமகனே. ராமதாஸ் எழுதினதைக் கேட்டால், எங்கள் கடைவீதியிலேயே நின்று கேட்டு எழுதினது மாதிரி இருக்கும். அதனால்தான் அவர் கேலி பண்ணினாலும் எங்களுக்கு வலிக்கவில்லை."

வானொலிக்கு எழுதுவது எத்தகைய வேலை என்பதைச் சிறிது பார்ப்போம். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் நாளும் தொடங்கப்பட்டன. மேடை நாடகம் எழுதியவர்கள் அந்தப் பழக்கத்தோடு வானொலிக்கு வந்தபோது, கண்ணில்லாத அரங்கு ஒன்று அவர்களுக்காகக் காத்திருந்தது. வானொலியில் வேடமில்லை, விளக்கில்லை, திரையில்லை. ஓர் அறைக்குள் யார் வந்தார் என்பதைச் செருப்போசையோ கதவின் ஓசையோதான் சொல்ல வேண்டும். பேசாமல் நிற்கும் பாத்திரம் வானொலியில் இல்லாத பாத்திரமாகிவிடும். ஆகவே, உள்ளவர்களின் பெயர்களைச் செயற்கை தோன்றாமல் உரையாடலுக்குள்ளேயே அடிக்கடி அழைத்துக்கொண்டிருக்க வேண்டும். வாக்கியம் ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும். அச்சில் படிப்பவர் விளங்காவிட்டால் திரும்பப் படிக்கலாம். கேட்பவருக்குத் திரும்பக் கேட்க வழியில்லை. நாடகப் பிரதியின் ஓரத்தில் 'மழை', 'தொலைவில் வண்டி', 'மௌனம்' என்று ஒலிக் குறிப்புகளையும் எழுத்தாளரே எழுதிவைக்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினால் குதிரை ஓடும். தகரத்தை உதறினால் இடி இடிக்கும். நடிப்பவர்கள் தாள் சலசலக்காமல் ஏந்திப் படிப்பார்கள். ஒலிபரப்பு முடிந்ததும் அந்தத் தாளின் வேலையும் முடிந்துவிடும்.

இக்கலையைப் பற்றித் தமிழில் முதன்மையாக நூல் எழுதியவரும் இலங்கைத் தமிழரே. சோ. சிவபாதசுந்தரம் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' 1954-இல் வெளிவந்தது. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவரும் அவரே. சிங்கப்பூரில் 'புதுமைதாசன்' என்னும் புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன், வானொலி நிலையத்திலேயே பணியாற்றி, நூற்றுக்கணக்கான நாடகங்களை எழுதியிருக்கிறார். குடிசைப் பகுதிகளிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்த காலத்து வாழ்வை, 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' என்னும் தொடரில் அவர் நகைச்சுவையோடு எழுதினார். பின்னாளில் அது நூலாக அச்சேறியதால் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அரியலூர்ப் பக்கத்துத் தென்கச்சி கோ. சுவாமிநாதன், 'இன்று ஒரு தகவல்' என்று தாம் எழுதியதைத் தாமே பேசியதால், 2009-இல் மறைந்த பின்னும் மக்கள் அவரை மறக்கவில்லை. இந்த இரண்டில் ஒரு நற்பேறும் வாய்க்காத எழுத்தாளர்களே பெரும்பாலோர். அவர்கள் எழுதியது அச்சேறவில்லை, குரலும் அவர்களுடையதன்று.

தொலைக்காட்சி வந்த பின் இந்த நிலை மாறியதா? 1975 ஆகஸ்டு 15-இல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி வந்தது. 1993-இல் தனியார் அலைவரிசைகள் தமிழில் காலூன்றின. நம்மிடம் தமிழ் படித்த ஒருவர் சென்னையில் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறார். பெருநாளைக்கு ஊர் வந்தபோது அவர் சொன்னதைக் கேட்டு நாம் வியந்தோம். வாரம் முழுவதும் நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கு, மறுநாள் படப்பிடிப்புக்கான காட்சிகளை முதல்நாள் இரவில் எழுத வேண்டியிருக்குமாம். வானொலியில் எல்லாவற்றையும் சொல்லால் காட்ட வேண்டும். தொலைக்காட்சியிலோ, படம் காட்டுவதைச் சொல் மறுபடி சொல்லக் கூடாது. "எங்கள் பெயரும் திரையில் வருகிறது ஹஜ்ரத். ஆனால், அது ஓடுகிற வேகத்தில் எங்கள் வீட்டாராலேயே படிக்க முடிவதில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

இனி, நம் தவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

ஓதி முடித்துப் பட்டம் பெற்று, தமிழிலும் தேர்வெழுதித் தேறி, பள்ளிக்கூட ஆசிரியராக நாம் அமர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 1997-இல் ஆண்டு விழாவுக்காக ஒரு நாடகம் எழுதினோம். மாமாவின் நினைவில், வானொலி நாடகம் போலவே திரைக்குப் பின்னால் நின்று ஒலிவாங்கியில் பேசும்படி அமைத்தோம். சந்தைக்கு வரும் நான்கு ஆட்களின் கதை அது. அவர்களில் ஒருவர், மலையிலிருந்து தேன் கொண்டுவரும் வெள்ளந்தி மனிதர். அந்தப் பாத்திரத்துக்குக் கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவரையே தேர்ந்தெடுத்தோம். மலையாளின் பேச்சு மலையாளின் வாயிலேயே வரட்டும் என்று நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

கல்வராயன் மலை மக்களுக்கு 'மலையாளி' என்பது பெயர். மலையில் வாழ்வோர் என்பது பொருளேயன்றி, அவர்களுக்கும் கேரள நாட்டுக்கும் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவர்கள் தாய்மொழி தமிழே. தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களின் கீழ் வாழ்ந்த அவர்களுடைய மலை, 1976-இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. இவற்றையெல்லாம் நாம் பின்னால் அறிந்தோம். நாடகம் எழுதியபோது நாம் அறிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். நம் கடைத் திண்ணைக்கு வருபவர்கள் போன பிறகு, சமவெளிக்காரர்கள் அவர்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அந்தப் பேச்சையே மலைப்பேச்சு என்று நம்பித் தாளில் எழுதினோம்.

அந்த மாணவர் ஒத்திகையில் ஒரு வசனத்தை மாற்றிச் சொன்னார். "எழுதியபடி சொல்" என்றோம். மறுபடியும் மாற்றிச் சொன்னார். மறுபடியும் திருத்தினோம். விழா நாளில் அவர் எழுதியபடியே பேசினார். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. திரைக்குப் பின்னால் நின்ற நாம் அந்தச் சிரிப்பை நமக்குக் கிடைத்த பரிசாகக் கருதினோம். அடுத்த நாளிலிருந்து விடுதியில் மற்றப் பிள்ளைகள் அவரை அந்த வசனத்தாலேயே அழைத்தார்களாம். அடுத்து வந்த விடுமுறைக்கு மலைக்குச் சென்றவர் திரும்பி வரவில்லை. வராத மாணவர்களின் பெயர்களோடு அவர் பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். மலைப் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது வழக்கந்தானே என்று நாமும் பேசாமல் இருந்துவிட்டோம்.

நாம் ஓதிய கல்வி நமக்கு இதைச் சொல்லித்தரவில்லையா? சொல்லித்தந்திருந்தது. ஹிஜ்ரி 255-இல் பஸராவில் மறைந்த பேரறிஞர் ஜாஹிழ், தம் 'அல்பயான் வத்தப்யீன்' என்னும் நூலில் இதுபற்றி எழுதியிருக்கிறார். பாமர மக்களின் நகைச்சுவைச் செய்தியை எடுத்துச் சொல்லும்போது, அதை அவர்கள் பேசியவாறே சொல்ல வேண்டும். இலக்கணம் திருத்திச் சொன்னாலும் உருமாற்றிச் சொன்னாலும் அதன் சுவை கெட்டுவிடும் என்பது அவர் கருத்து. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஓர் அரபு அறிஞர் எழுதிவைத்த இந்தப் பாடத்தைத் தேர்வுக்குப் படித்தோம், திண்ணையில் மறந்தோம். மொழிகளின் வேற்றுமையை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயம் கூறுகிறது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாமென்று அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. இவ்விரண்டையும் மனனமாக ஓதியிருந்த நாவினால்தான் "எழுதியபடி சொல்" என்று அந்தப் பிள்ளையை அதட்டினோம்.

ஆண்டுகள் ஓடின. அத்தா மர்ஹூம் ஆனார்கள், மாமாவும் மர்ஹூம் ஆனார்கள். 2016 ஜூலையில் ஒருநாள், மரிக்கார் ராமதாஸ் சென்னையில் காலமானார் என்ற செய்தியைப் படித்தோம். வானொலி, மேடை, திரைப்படம், தொலைக்காட்சி என்று நெடுங்காலம் எழுதியும் நடித்தும் வந்தவர் கடைசிக் காலத்தில் சென்னையில்தான் வாழ்ந்திருக்கிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு பகலுக்குள் சென்று பார்த்திருக்கலாம். மாமா உயிரோடிருந்தபோது கூட்டிச் சென்றிருந்தால், இரண்டு மரிக்கார்களும் பேசிக் கொண்டிருந்திருப்பார்கள். அவர் அங்கே இருந்ததே நமக்குத் தெரியாது. எழுதியவரைத் தேடும் வழக்கம் நமக்கு எப்போது இருந்தது?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து பழைய பெட்டியைத் திறந்து 1997-ஆம் ஆண்டு நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்தோம். மஞ்சளாகியிருந்தது. மாமா சொன்ன சொல்லும் கூடவே வந்தது: எழுதினவன் நம்ம தெருவுக்கு வரவே இல்லை.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் மலையேறினோம். கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டே வளைந்து வளைந்து ஏறும் பாதை அது. மேலே போகப் போகக் காற்றில் குளிர்ச்சி கூடியது. வெள்ளிமலையில் இறங்கி விசாரித்தோம். அத்தா பெயரைச் சொன்னதும் ஒரு முதியவர் அடையாளம் கண்டுகொண்டு, தம் பேரனைத் துணைக்கு அனுப்பினார். நாம் தேடிப் போனவர் தம் வீட்டு வாசலில் வீட்டாரோடு அமர்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, நீங்களா?" என்றார். தலையில் நரை விழுந்திருந்தது. உட்காரப் பாய் விரித்து, குடிக்க நீர் கொடுத்தார்.

பையிலிருந்து தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, நாம் வந்த காரணத்தைச் சொன்னோம். மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணவரிடம் அவ்வாறு கேட்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது போலும். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சதுக்காக நான் வராம இருக்கலைங்க ஐயா" என்றார் கடைசியில். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. எங்க சனத்திலேயும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறதுதான். ஆனா, இது எங்க பேச்சே இல்லைங்க. இல்லாத பேச்சை என் வாயாலேயே பேச வெச்சு, இதுதான் எங்க பேச்சுன்னு ஊருக்குக் காட்டினீங்க. நான் ரெண்டு தரம் மாத்திச் சொல்லிப் பார்த்தேன். நீங்க கேக்கலை."

பள்ளிப் பருவத்தில் அத்தாவின் தராசின் முன் நின்று நாம் அழுத அதே சொல் இது. நம் சொல்லே இருபதாண்டு மலையில் இருந்துவிட்டு நம்மிடம் திரும்பி வந்தது. அன்று அத்தா ஏன் மறுமொழி சொல்லாதிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. சொல்வதற்கு நம்மிடமும் ஒன்றுமில்லை.

சற்று நேரம் கழித்து, "அன்றைக்கு மாற்றிச் சொன்னீர்களே, அதை இப்போது சொல்லுங்கள்" என்றோம். முதலில் மறுத்தார். பிறகு தாளைப் பிடித்துக்கொண்டு, நாம் எழுதியிருந்த தேன்காரரின் பேச்சைத் தம் பேச்சில் சொல்லத் தொடங்கினார். வெள்ளந்தியாக நாம் படைத்திருந்த அந்த மனிதர், அவர் வாயில் எடையையும் விலையையும் கூர்மையாகக் கணக்கிடும் சமர்த்தராக மாறிவிட்டார். சந்தை வணிகர்தான் விழிக்க வேண்டியதாயிற்று. புளி தட்டிக்கொண்டிருந்த அவருடைய தாயார் சிரித்தார். வாசற்படியில் நின்ற சிறுமி சிரித்தாள். நாமும் சிரித்தோம். மலைச்சரக்குக் கடைக்காரரின் மகனாகிய நம்மையும் சேர்த்தே அவர் சிரிக்க வைத்திருந்தார். நாம் எழுதிய நாடகத்தை அன்றுதான் முதன்முதலாகச் சரியாகக் கேட்டோம்.

பேனாவை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். நமக்கு விளங்காத சொல்லைத் திரும்பக் கேட்டோம். அவர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். அன்று அவர் ஆசிரியர், நாம் மாணவர். முடிந்ததும், தாளின் தலைப்பில் 'எழுதியவர்' என்று நம் பெயர் இருந்த இடத்துக்கு மேலே, 'சொன்னவர்' என்று அவர் பெயரை எழுதினோம். ஸனதில் விட்டுப்போயிருந்த பெயர் அதன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

ராமதாஸ் எங்கே நின்று, யாரிடம் கேட்டு மரிக்காரை எழுதினார் என்று நம்மால் சொல்ல இயலாது. ஆனால், அந்த மரிக்காரைக் கேட்ட நம் மாமா, தாம் கேலிக்கு ஆளானதாக எண்ணவில்லை, தம் பேச்சு மதிக்கப்பட்டதாக எண்ணினார்கள். எழுதியவருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று தேவையில்லை. அடுத்தவருடைய பேச்சு நம்மிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். கேட்டு வாங்கியவர் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறார். கேளாமல் எடுத்தவர் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது எடுத்ததே ஆகும்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் இன்றிரவும் ஏதேனும் ஒரு தொடர் ஓடக்கூடும். அதில் உங்களைப் போன்ற ஒருவர் பேசினால், 'இது நம் பேச்சுதானா?' என்று கேளுங்கள். உங்களைப் போலல்லாத ஒருவர் பேசி நீங்கள் சிரித்தால், அதே கேள்வியை அவருக்காகவும் ஒருமுறை கேளுங்கள். எழுதியவரின் பெயர் திரையில் ஓடி மறைவதற்குள், முடிந்தால் அதைப் படித்துவிடுங்கள். நம் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக, ஆமீன்.